தோட்டத்து மைதானத்துக்கு ஓர் ஆட்சேபணை

முப்பத்தைந்து வயதில் காவேரிக்கு மறுபடியும் பூப்பந்து ஆடவேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசைக்கு வயசு கிடையாது என்பார்கள். ஊருக்கு உண்டு. முப்பத்தைந்து வயதுப் பொம்பளை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையோடு ஓடினால் ஊர் இரண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். அந்த மூன்றாம் நாளை நம்பித்தான் அவள் இறங்கினாள்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற பாதையில் ஏரிக்கரை ஓரமாக நாற்பது வீடுகள் கொண்ட ஊர் அவளுடையது. அப்பா தாண்டவராயனுக்கு ஒரே பெண். ஏரித் தண்ணீரை நம்பி இரண்டரை ஏக்கர் பயிர்வைத்த மனிதர், பெண்ணைப் படப்பை ஹைஸ்கூலுக்கு அனுப்பினார். அங்கேதான் பூப்பந்து அவளைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் கம்பளிப் பந்து, மர மட்டை, மூலைக்கு ஒருத்தியும் நடுவில் ஒருத்தியுமாக ஐந்து பேர். காவேரி நடு. நடுவில் நிற்கிறவளுக்கு நாலு பக்கமும் கண் இருக்கவேண்டும். யார் களைத்துவிட்டாள், யார் அடிக்கத் தயங்குகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியவேண்டும். அது அவளுக்கு நன்றாக வந்தது. எழுபத்திரண்டில் மாவட்ட அணியில் எடுத்தார்கள். மூன்று வருஷத்தில் கல்யாணம் முடிந்து, மட்டை பரணுக்குப் போனது.

கல்யாணத்துக்கு அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெண் ஊரைவிட்டுப் போகமாட்டாள். வீட்டையும் அதன் பின்னால் இருந்த பெரிய தோட்டத்தையும் மஞ்சக்காணியாக அவள் பேருக்கே எழுதிவைத்தார். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வெங்கடேசன் மாப்பிள்ளையாக வந்து அந்த வீட்டிலேயே தங்கினார். கூட்டுறவு சொசைட்டியின் உரக் குடோனில் எடை போடுகிற வேலை. கோபமே வராத மனுஷன். ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘காவேரி வூட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கடையில்கூட அப்படித்தான். அவரும் சிரித்துக்கொண்டே சர்க்கரையை வாங்கிக்கொண்டு வருவார். பதினாறு வருஷம் ஒருத்தர் ஒரே விஷயத்துக்குச் சிரித்தால், அது சிரிப்புத்தானா என்று யாராவது ஒரு தடவை கேட்டிருக்கவேண்டும். யாரும் கேட்கவில்லை. காவேரியும் கேட்கவில்லை.

தாம்பரத்து ஏற்றுமதிப் பேட்டையில் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் காவேரிக்கு வேலை. காலர் லைன், அதாவது காலர் மட்டும் தைக்கிற வரிசை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால் படப்பை வழியாகத் தாம்பரம். பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் மகள் கிரேசிக்கும் அதே லைன், அதே பஸ், பெரும்பாலும் அதே சீட். கிரேசிக்கு இருபத்துமூன்று வயது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆடியவள். ஒருநாள் பஸ்ஸில் பேச்சுவாக்கில் அது தெரியவந்ததும் இரண்டு பேரும் படப்பையிலிருந்து தாம்பரம் வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை. பரணிலிருந்து மட்டை இறங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமை.

கிரேசி அடிக்கிற அடியைப் பார்த்து காவேரி வாய்விட்டுச் சிரித்தாள். வலதுகைக்காரி என்று எதிராளி நம்பி நிற்கும்போது மட்டையை இடது கைக்கு மாற்றி அடிப்பாள். லைனிலிருந்து இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள்: ராஜம்மா, ஜாய், செல்லம்மாள். ஐந்து ஆயிற்று. தொண்ணூற்றொன்று ஜூன் மாதம் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகிற பொங்கலுக்குப் பேட்டைக் கம்பெனிகளுக்குள் பந்தயம். முதல் தடவையாகப் பெண்கள் பூப்பந்தும் உண்டு. ஐந்து பேர் பெயரையும், பயிற்சி செய்கிற இடத்தையும் எழுதி நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். பேட்டை மைதானம் ஆண்களுக்கே போதவில்லை. ஆகவே இடம் காவேரியின் தோட்டம் என்று முடிவானது.

எண்பதடிக்கு நாற்பதடி மைதானம் தோட்டத்தில் தாராளமாக அடங்கியது. ஆனால் பந்து அடங்கவில்லை. வேலி தாண்டி லூர்தம்மாள் வீட்டுக் கூரையில் விழும். அந்தத் தெருவில் ஓட்டு வீடு அது ஒன்றுதான். கம்பளிப் பந்துக்கு ஓடு உடையாது என்று காவேரி சொல்லிக்கொண்டிருந்தபோது, பந்தை எடுக்க ஏறிய செல்லம்மாளின் கால் பட்டு ஒன்று விரிந்தது. லூர்தம்மாள் தெருவுக்கே கேட்கிறாற்போல் ஒரு மூச்சு திட்டிவிட்டு, அப்புறம் ஐந்து பேருக்கும் மோர் கொடுத்தாள்.

சுற்றிலும் பதினைந்தடி உயரத்துக்குக் கம்பம் நட்டு வலை கட்டவேண்டும். ஷிப்ட் முடிந்து வீடு வரும்போது இருட்டிவிடுவதால் நாலு விளக்கும் வேண்டும். விளக்குக்கு மின்வாரியத்தில் கரண்ட் கேட்டால், பஞ்சாயத்து அனுமதிக் கடிதம் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் காவேரி யூனியன் ஆபீஸ் படியேறினாள். பஞ்சாயத்துக்குத் தலைவர் இல்லாத காலம் அது. எல்லாம் தனி அலுவலர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் அண்ணாதுரை என்ற கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா கட்டப் போற? வூடா, கடையா, மாட்டுக் கொட்டாயா, ரைஸ் மில்லா?”

“கட்டடம் இல்ல சார். கம்பம். தோட்டத்துல பூப்பந்து ஆட்றதுக்கு.”

அண்ணாதுரை விண்ணப்பத் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “வெளாட்டுக்கு ஃபாரம் கெடையாதும்மா.”

“அப்ப அனுமதி வேணாமா சார்?”

“ஆடு, யார் வேணான்னாங்க? கம்பம் நட்டா வேணும். ஏழடிக்கு மேல எது நின்னாலும் ஆபீசுக்குத் தெரிஞ்சாவணும்.”

“தோட்டத்துல தென்ன மரம் நிக்குதே சார்?”

“அது தானா வளந்தது.”

பக்கத்தில் நின்ற வெங்கடேசன் சிரித்துவிட்டார். அவர்தான் மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு, குடோனுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சைக்கிளில் அவளை உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். கடைசியில் மாட்டுக் கொட்டகை ஃபாரத்தில் ‘மாட்டுக் கொட்டகை’ என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ‘விளையாட்டுக் கம்பங்கள்’ என்று எழுதிக்கொள்ளலாம் என்று அண்ணாதுரை பெரிய மனசு பண்ணினார். கூட இணைக்கவேண்டியவை: பட்டா நகல், இடத்தின் வரைபடம், பக்கத்து நிலத்துக்காரர்களின் சம்மதக் கையெழுத்து, போலீஸ் ஸ்டேஷன் கடிதம். பக்கத்து ஊரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த மே மாதத்திலிருந்து அந்தப் பக்கத்தில் நாலு பேர் கூடுகிற இடம் என்றாலே ஸ்டேஷனில் கேட்காமல் விடுவதில்லை.

வரைபடத்தை வெங்கடேசனே போட்டார். குடோன் சாக்குகளில் எண் எழுதிப் பழகிய கை. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் அச்சடித்தது போலிருக்கும். கம்பங்களுக்குச் சிவப்பு மையில் வட்டம், விளக்குகளுக்கு நட்சத்திரம். காவேரி அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் லைன் முழுக்கக் காட்டினாள். “எங்க வூட்டுக்காரர் போட்டது” என்று சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜம்மா, “எங்க வூட்ல இருக்கறதும்தான் கீதே, ஒரு பல்பு மாட்டச் சொன்னா ஒம்பது நாளாவுது” என்று பெருமூச்சு விட்டாள்.

தெற்கே ஏரிக் கால்வாய், மேற்கே பாதை, வடக்கே தெரு. சம்மதம் வாங்கவேண்டிய வீடு லூர்தம்மாள் வீடு மட்டும்தான். அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, “ஓடு ஒடஞ்சா நீதான் மாத்தணும், சொல்லிட்டேன்” என்று முனகிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பேரை மட்டும்தான் அவளுக்கு எழுதத் தெரியும். காகிதம் எல்லாம் ஜூலையில் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் முழுக்க, ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் புருஷனும் பெண்சாதியும் மறுபடி போனபோது அண்ணாதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். வெங்கடேசனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஃபேனைப் பார்த்தார்.

“ஆட்சேபண ஒண்ணு வந்துகீதும்மா.”

“யார் சார்?”

“பேர் சொல்லக் கூடாது. ஒங்க தெருவுதான். இன்னா எழுதிகீதுன்னு வேணா சொல்றேன்.” ஃபைலைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வாசித்தார். “‘பந்து விழுந்து வீட்டின் ஓடுகள் உடைவதாலும், விளக்கு வந்தால் தூக்கம் கெடும் என்பதாலும், கண்ட ஆட்கள் வேலியோரம் கூடி நிற்பதாலும், குடும்பத்தார் மானத்தோடு வாழ வழியில்லாமல்...’ இப்டிப் போவுது.”

ஓடு என்ற சொல்லிலேயே காவேரிக்குப் பதில் கிடைத்துவிட்டது. முகத்துக்கு எதிரே கையெழுத்து, முதுகுக்குப் பின்னால் மனு. எழுதத் தெரியாதவள் யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருப்பாள். மோர் கொடுத்த கை இல்லையா அது என்று ஒரு பக்கம் தோன்றியது. மோர் கொடுத்ததே இதற்காகத்தான் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. சந்தேகம் புகுந்த வீட்டில் மோர்கூட விஷமாகிவிடும். திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவள் லூர்தம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தாள். வெங்கடேசன், “வுடு காவேரி, வுடு” என்று மட்டும் சொல்லிக்கொண்டு மிதித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பிய லூர்தம்மாளை காவேரி வேலியோரம் நிறுத்தினாள். லூர்தம்மாள் முதலில் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

“நானாடி எழுதினேன்? எனக்கு எழுதத் தெரியுமாடி?”

“எழுத ஆளா இல்ல ஊர்ல? நீ எழுதச் சொல்லலன்னா சூடம் அணச்சு சத்தியம் பண்ணுக்கா. நான் நம்பிட்றேன்.”

கொளுத்திய கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அந்தப் பக்கத்தில் அதற்குமேல் விசாரணை கிடையாது. ஏரித் தண்ணீர் தகராறுகூட அப்படித் தீர்ந்திருக்கிறது. கற்பூரம் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. “இதோ வாங்கினு வந்துட்றேன்” என்று வெங்கடேசன்தான் கடைக்கு ஓடினார், சட்டைகூடப் போடாமல். வந்து, ஒரு செங்கல்லைத் துடைத்து வைத்து, அதன்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தியதும் அவர்தான்.

லூர்தம்மாள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “சூடம் நான் அணைக்க மாட்டேன் காவேரி. எங்க சனம் அணைக்கக் கூடாது, அது ஒனக்கும் தெரியும். எங்கூட மாதா கோயிலுக்கு வா. பீடத்தாண்ட முட்டி போட்டு, பைபிள் மேல கை வெச்சு நான் எழுதலன்னு சொல்றேன்.”

“ஒன் கோயில்ல சொன்னா எனக்கு எப்டித் தெரியும்? என் சாமிக்கு முன்னால சொல்லு.”

“மாட்டேன்டி.”

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. வேடிக்கை பார்த்த தெருவுக்கு அது போதும். குற்றம் இல்லாதவளுக்கு என்ன பயம் என்று கேட்டார்கள். முப்பது வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெபமாலை உருட்டிய பொம்பளை வேறு சாமிக்குக் கை நீட்டமாட்டாள் என்பதை அந்தத் தெருவில் யாரும் நினைக்கவில்லை. காவேரி குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரினாள். “எழுதினவங்க கை வெளங்காமப் போவட்டும், அவங்க குடும்பம் வெளங்காமப் போவட்டும்” என்று வேலிக்கு அந்தப் பக்கம் தூற்றினாள். மண் லூர்தம்மாளின் வெள்ளைப் புடவையில் விழுந்தது. பின்னால் வாசற்படியில் கிரேசி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடேசன் வந்து காவேரியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினார்.

மறுநாளிலிருந்து கிரேசி பஸ்ஸில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆட வரவில்லை. காவேரிக்கு வலித்தது, வலித்ததால் இன்னும் சத்தமாகப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி மனு போட்டு மைதானத்தை நிறுத்திவிட்டாள் என்று லைனில் தெரியாதவர் இல்லை என்கிற அளவுக்குச் சொல்லித் தீர்த்தாள். மூன்று மெஷின் தள்ளி உட்கார்ந்து கிரேசி காலர் தைத்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ராஜம்மாவும் ஜாயும் செல்லம்மாளும் காவேரியும் நாலு பேராக ஆடிப் பார்த்தார்கள். ஒரு மூலை எப்போதும் திறந்தே கிடந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டு ஒரகடத்துக்கு பஸ் வராத ஒரு வியாழக்கிழமை. காவேரி வீட்டில் இருந்தாள். பதினோரு மணிக்குப் போஸ்ட்மேன் சுப்பன் குடையை மடக்கிக்கொண்டு வந்து இரண்டு பழுப்பு உறைகளை நீட்டினார். இரண்டிலும் அரசுப் பணி முத்திரை, ஒரே கதவு எண்.

“ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு வூட்டுக்காரருக்கு. இன்னாம்மா, கெவுருமெண்டே வூடு தேடி வருது?”

அனுமதிதான் வந்துவிட்டது, மரியாதைக்கு ஆம்பிளை பேருக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டையும் பிரித்தாள். அவளுக்கு வந்ததில், புதிதாக வந்திருக்கும் தனி அலுவலர் திங்கட்கிழமை நேரில் விசாரிப்பார், மனுதாரர் வரவேண்டும் என்று இருந்தது. இன்னொன்றில், ‘மேற்படி கம்பங்கள் நடுவதற்கு ஆட்சேபணை தெரிவித்துள்ள திரு. வெங்கடேசன் அவர்கள்’ அதே நாளில் ஆஜராகவேண்டும் என்று இருந்தது.

மூன்று தடவை படித்தாள். வேறு வெங்கடேசன் யாராவது இருக்கிறாரா என்று தெரு முழுக்க மனசுக்குள் நடந்து பார்த்தாள். இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்கேல் வைத்து வரைந்த வரைபடம். சிவப்பு வட்டங்கள். டீயைக் குடித்துவிட்டு ஃபேனைப் பார்த்த அண்ணாதுரை. ‘வுடு காவேரி’ என்று மிதித்துக்கொண்டு வந்த முதுகு. செங்கல்லைத் துடைத்து வைத்த விரல்கள். எழுதினவர்கள் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று அவள் தூற்றியது தன் வீட்டின்மேலேயே. அந்த மண்ணைக் கழுவத் தண்ணீர் ஊற்றியவர் எழுதினவரே. நாலு பக்கமும் கண் இருக்கிற நடு ஆட்டக்காரி! காவேரிக்கு அழுகை வரவில்லை. அவமானம்தான் வந்தது. ஏமாற்றியவருக்கு வரவேண்டிய அவமானம் எப்போதும் ஏமாந்தவர்களுக்குத்தான் முதலில் வருகிறது. இது என்ன நியாயமோ தெரியவில்லை.

சாயங்காலம் வெங்கடேசன் நனைந்து வந்து தலையைத் துவட்டினார். அவள் உறையை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். மடிப்பு கலையாமல் திரும்ப மடித்தார்.

“பேர் வெளிய வராதுன்னு சொன்னாங்களே” என்றார்.

பதினாறு வருஷத்தில் அவர் பேசிய எத்தனையோ பேச்சு அவளுக்கு மறந்துபோகலாம். இது மறக்காது.

“பேர் போடாத மொட்ட மனு குப்பைக்குத்தான் போவும், பேர் போடுங்க, ஃபைலத் தாண்டி வராதுன்னு அண்ணாதுரை சொன்னார்” என்று விளக்கம் வேறு சொன்னார், ஏமாந்தது தான்தான் என்பது போல.

“ஏங்க இப்டிப் பண்ண?” மரியாதையும் ஒருமையும் அவள் வாயில் கலந்து வந்தது.

அவர் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். “பதினாறு வருசமா காவேரி வூட்டுக்காரன். சரி. இப்ப தோட்டத்துல லைட்டப் போட்டுட்டு நீ ஓடுவ. ஊரு வேலிமேல நின்னு பாக்கும். நான் ஓரமா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு பந்து பொறுக்கினு நிக்கணும்.”

“வேணான்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“ஒன் வூட்ல நான் எப்டிச் சொல்றது?”

“ஓட்ட எதுக்கு எழுதுன? அவங்க வூட்டு ஓட்ட?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. “வேற காரணம் எனக்கு எழுதத் தெரியல.”

அவர் பட்ட பாடு அவளுக்குப் புரியாமல் இல்லை. அதுதான் கொடுமை. இதை அவர் ஜூலையில் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை கம்பத்தைக்கூட விட்டிருப்பாள். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே கூட வந்தார். கூட வராமலிருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு லூர்தம்மாள் வீட்டுக்குப் போனாள். லூர்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கிரேசி வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“லூர்துக்கா, எழுதுனது எங்க வூட்டுக்காரர்க்கா. இதோ பேர் போட்டு வந்துகீது. கிரேசிய படிக்கச் சொல்லிப் பாரு.”

லூர்தம்மாள் கை நீட்டவில்லை. “நான் எழுதலன்னு எனக்குத் தெரியும்டி. ஒனக்குத் தெரியறதுக்குத்தான் காயிதம் வேண்டியிருந்துச்சு.”

காவேரி அவள் காலைத் தொடக் குனிந்தாள். லூர்தம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, களைப்பாக. “போ, ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றாள். கிரேசி தலையை வாரி முடித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள். கூட்டுரோட்டில் காவேரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். “கிரேசி, நீ இல்லாம அஞ்சு இல்லடி” என்றாள். “தெரியும்க்கா” என்றாள் கிரேசி. “எங்கம்மா மேல மண்ண வாரிப் போட்ட. அந்தக் கைக்கு நான் பந்து தட்டிக் குடுக்க முடியாதுக்கா.” பஸ் வந்ததும் முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. தனி அலுவலர் இளவயசுக்காரர். இரண்டு பேருடைய கதவு எண்ணையும் பார்த்துவிட்டு அண்ணாதுரையைப் பார்த்தார். அண்ணாதுரை ஃபைலின் கட்டுக்கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?” என்றார் அலுவலர். “சரி. உங்க ஆட்சேபணை என்ன, சொல்லுங்க.”

வெங்கடேசன் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடு, வெளிச்சம், மானம், எதுவும் வாயில் வரவில்லை. “ஒண்ணும் இல்ல சார். சும்மாதான் சார். வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார்.

சும்மா. லூர்தம்மாள் புடவையில் விழுந்த மண்ணும் சும்மா, திறந்து கிடந்த மூலையும் சும்மா. காவேரிக்கு அந்த அறையிலேயே அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. அலுவலர் வாபஸ் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, மாட்டுக் கொட்டகை ஃபாரத்திலேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். ஆறு மாதம் நடந்தது ஆறு வரியில் முடிந்தது. வெளியே வந்தபோது அண்ணாதுரை பின்னாலேயே வந்து, “கோச்சுக்காதம்மா, ஆபீசு விசயம் வெளிய சொல்லக் கூடாது” என்றார். “பேர் வெளிய வராதுன்னு அவர்ட்ட சொல்லி வெச்சீங்களே சார், எங்கிட்ட மட்டும் மூடி வெச்சீங்க” என்றாள் அவள். சைக்கிளில் ஏறவில்லை. முன்னால் நடந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். “கம்பத்துக்கு நானே குழி வெட்டித் தரேன் காவேரி” என்று இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் கையில் விண்ணப்பத் தாளோடு காலர் லைனுக்கு வந்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுகிறவர்.

“என்ன காவேரி, அஞ்சு பேர் எழுதிட்டீங்களா?”

“நாலுதான் சார்.”

ஐந்தாவதாக ஒருத்தியைத் தேடினால் அத்தனை பெரிய பேட்டையில் கிடைக்காமல் போகாது. ராஜம்மா இரண்டு பேர் பெயர்கூடச் சொல்லியிருந்தாள். கிரேசியின் மூலையில் இன்னொருத்தியை நிறுத்த காவேரிக்கு மனசு வரவில்லை.

“கிரவுண்டு பர்மிஷனாவது கெடைச்சுதா? பக்கத்து வீட்டம்மா யாரோ மனு போட்டு நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே. அந்தம்மா இன்னும் விடலியா?”

அனுமதிக் காகிதம் அவள் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினால் போதும், அவர் போய்விடுவார். புருஷன் மானமும் பிழைக்கும், அவள் மானமும் பிழைக்கும். இரண்டு மாதம் இந்த லைனில்தான் அவள் வாய் ஓயாமல் பேசியிருந்தாள். எங்க வூட்டுக்காரர் போட்டது என்று வரைபடத்தைக் காட்டிப் பெருமைப்பட்டதும் இங்கேதான். அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

“அவங்க எழுதல சார்” என்றாள், கடைசி மெஷினுக்கும் கேட்கும்படி. “லூர்தம்மா எழுதவே இல்ல. மனு போட்டது எங்க வூட்டுக்காரர். எங்கூடவே ஆபீசுக்கு வந்துக்கினு அவர்தான் எழுதிக் குடுத்தார். நான்தான் தெரியாம அந்தம்மா மேல மண்ண வாரித் தூத்தினேன். இங்க நான் சொன்னது அத்தினியும் பொய்யி.”

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்தது நின்றது. ராஜம்மா கையிலிருந்த காலரைக் கீழே வைத்தாள். பின்னால் எங்கோ ஒருத்தி சிரித்தாள், உடனே யாரோ அவளை அடக்கினார்கள். பர்சனல் ஆபீசர் தாளில் எதையோ அடித்து எழுதிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார். காவேரி நின்றுகொண்டே இருந்தாள். மூன்று மெஷின் தள்ளி கிரேசி தைத்துக்கொண்டிருந்த காலரை முடித்து, நூலை வெட்டி, அடுத்ததை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். அவளுடைய மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.